பந்து மேலே நின்ற நேரம்

பந்து இன்னும் இறங்கவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் அது எப்போதோ இறங்கி, கோவில்பட்டிக்காரன் கையில் விழுந்து, வளையத்துக்குள் போய், கோப்பையும் அவர்கள் வேனில் ஏறியாகிவிட்டது. எலுமிச்சை மண்டியில் ஏலம் கூறுகிற மாடக்கண்ணுவுக்கு மட்டும், மைதானத்துக்கு எதிரே உதுமான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடி, கையில் டீ ஆறி ஆடை கட்டிக்கொண்டிருக்க, அது மேலேயே நின்றுகொண்டிருந்தது. ராத்திரி மழை வந்து கெடுக்காமல் இருந்திருந்தால் விளக்கு வெளிச்சத்தில் நேற்றே முடிந்திருக்க வேண்டிய கூடைப்பந்து இறுதி ஆட்டம். மழையில் ஸ்கோர் போர்டுக்குள் தண்ணீர் இறங்கி, கடிகாரம் செத்துப்போய், காலையில் சாக்கைப் போட்டுத் தரையைத் துடைத்து, நேரமும் புள்ளியும் குறிக்கிற டேபிளில் ஒருத்தன் கையில் ஸ்டாப் வாட்சைக் கொடுத்து, ஆட்டோவிலிருந்து கழற்றிய ஹாரனை பாட்டரியில் கட்டி வைத்து ஆடிய ஆட்டம். கடைசிப் பத்து நொடிக்கு டேபிளில் சிவப்புக் கொடியைத் தூக்கினார்கள். நம்ம ஊருக்கு ஒரு புள்ளி கூடுதல். பந்தும் நம்ம செண்பகராஜ் கையில். செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை, கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றால் போதும். பச்சைக் குழந்தையைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டுதான் நின்றான் பாவிப் பயல். கேலரி எண்ணியது. பத்து, ஒம்பது, எட்டு. பலகை அதிர எண்ணியது. முட்டை என்று முடித்ததும் செண்பகராஜ் ரெண்டு கையாலும் பந்தை வானத்தைப் பார்த்து வீசினான். ஜெயித்தவன் வீசுகிற வீச்சு. மாடக்கண்ணு தலைத்துண்டை அவிழ்த்து தன் பங்குக்கு அதையும் வீசினார். துண்டு முதலில் இறங்கிவிட்டது. பந்து ஈர வானத்தில், மேகத்துக்குக் கீழே, ஒரு காய் அளவுக்குச் சிறுத்து நின்றது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஹாரன் எங்கே? ஹாரன் அடிக்கவே இல்லையே.

"டேபிள்லதான்வே களவாணித்தனம்," என்றான் வேலாண்டி. நூல் மில்லில் வேலை, சிப்டுக்குப் போகாமல் ஆட்டம் பார்த்தவன், அந்தக் கூலியும் போன எரிச்சல் அவன் குரலில் இருந்தது. "வாட்சைப் பிடிச்சிருந்த பய எந்த ஊர்க்காரன்னு யாராவது விசாரிச்சீயளா? நாம பத்தும் எண்ணியாச்சு. முட்டைன்னு சொல்லி நான் எந்திரிச்சு ஆடவும் ஆரம்பிச்சாச்சு. ஊருக்கே நேரம் முடிஞ்சிருச்சு, அவன் வாட்சுக்கு மட்டும் முடியலையோ?" இந்தப் பேச்சு மாடக்கண்ணுவுக்கு வெல்லமாய் இனித்தது. களவு நடந்திருந்தால் கோபப்படலாம். கோபப்படத் தெரியும் அவருக்கு, அதில் அவரை யாரும் அடிச்சுக்க முடியாது. ஆட்டம் முடிந்த கையோடு டேபிளை ஒரு உதை விட்டுத்தான் வந்திருந்தார், பெருவிரல் நகம் இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. "கேளும்வே நல்லா," என்று பெஞ்சில் ஓங்கித் தட்டினார். "சாயங்காலம் கமிட்டிக்காரனுவளைக் கூப்பிட்டு, அந்த வாட்சை நடுச்சபையில வச்சு ஓட்டிப் பாத்துருவோம்." கோயில்பிச்சை சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர், ரிட்டயர் ஆன பிறகும் கழுத்தில் விசில் தொங்காத குறை. "வாட்சை விடும் அண்ணாச்சி. ஹாரன் அடிக்கும் முன்னால பந்தை விட்டது யாரு? வாட்சா விட்டுது? ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும், ஹாரன் கேக்கவரைக்கும் பந்து வயித்தோட இருக்கணும்னு. செண்பகராஜுக்குத் தெரியாதா?" அடுப்படியிலிருந்து உதுமான், "நம்ம டீம் கோச்சு டைம்-அவுட் கேட்டிருக்கணும்," என்றான். "நீ மேச்சே பாக்கலையேடே, டீயை ஆத்து," என்றான் வேலாண்டி. "பாக்கலைன்னா என்ன, சத்தம் கேட்டுதுல்லா. சத்தத்தை வச்சே நான் ஸ்கோர் சொல்லுவேன்." யாரோ சிரித்தார்கள். சிரிப்பு வந்ததே ஒரு அதிர்ச்சியாக இருந்தது. இழவு வீட்டில் ஒருத்தன் தும்மினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே, அப்படி எல்லோரும் திரும்பிப் பார்த்து, திரும்பக் குனிந்துகொண்டார்கள்.

வாத்தியான் புத்தி எங்கே போகும், எப்பவும் பையன்தான் குற்றவாளி. அவன் ஒருத்தன் தலையில் மொத்த மூட்டையையும் ஏற்றிவிட்டு இவர் பென்ஷன் வாங்கப் போய்விடுவார். ஆனால் அந்த மூட்டை இன்றைக்கு எப்பேர்ப்பட்ட மூட்டை என்று மாடக்கண்ணுவுக்குத் தெரியும். சென்னையில் ஒரு அரசாங்கத் துறை டீமின் கோச், நீல டிராக் பேண்ட் போட்ட மனுஷன், செண்பகராஜைப் பார்ப்பதற்கென்றே வந்து, ரெண்டு நாளாக லாட்ஜில் தங்கியிருக்கிறார். எடுத்துக்கொண்டால் வேலை. நிரந்தர வேலை, சட்டைப் பையில் அடையாள அட்டை, மாசம் பிறந்தால் சம்பளம். எடுக்காவிட்டால் நாளைக் காலை ஐந்து மணிக்கு வழக்கம்போல மண்டியில் மூட்டை தூக்க வேண்டியதுதான். இருபத்தி மூணு வயசுப் பயலுக்கு இதற்கு மேல் இன்னொரு கோச் எந்தக் காலத்தில் இந்த ஊருக்கு வரப்போகிறான். இப்போது கிளப் அறைக்குள் செண்பகராஜை உட்கார வைத்து அந்த மனுஷன் பேசிக்கொண்டிருக்கிறார். என்ன பேசுவார்? கோப்பையைத் தூக்கி வானத்தில் எறிந்தவனைப் பார்த்து என்ன பேச முடியும்? மாடக்கண்ணுவும் மூட்டையில் தொடங்கியவர்தான். மீசை முளைக்கும் முன்னால் சாக்கு தைக்கிற ஊசி கையில் ஏறியது, முதலாளியின் செருப்பு முதுகில் ஏறியது. வாங்குகிறவன் கண் எப்போது விரியும், எப்போது சுருங்கும், எப்போது கழன்றுகொள்ளப் பார்க்கும் என்று அடி வாங்கி அடி வாங்கிப் படித்தார். ஏலம் கூறுகிற இடத்துக்கு வந்தார். இப்போது அவர் வாயைத் திறந்தால் மண்டி நிற்கும், வாயை மூடினால் காய் நகரும். அந்தக் குரலுக்குத்தான் கேலரியிலும் மரியாதை. கடைசி நொடிகளை இந்த ஊரில் யார் வேண்டுமானாலும் எண்ணிவிட முடியாது. மாடக்கண்ணு தொடங்குவார், கேலரி அவர் பின்னால் வரும். வெளியூர் டீம்கள் அந்த எண்ணிக்கைக்கே பாதி செத்துப்போகும். இன்றைக்கும் அப்படித்தான் தொடங்கினார். சரியாகத்தான் தொடங்கினார். பத்து. ஒம்பது. சரியாகத்தான். எவன் சொல்வான் சரியில்லை என்று.

உதுமான் கடைச் சுவரில், சர்பத் கம்பெனி கொடுத்த கடிகாரம் ஒன்று ஈ எச்சத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. சும்மாதான் பார்த்தார். டேபிள்காரனை நடுச்சபையில் வைத்து எப்படிக் கிழிக்கலாம் என்று யோசித்துக்கொண்டே, சிவப்பு முள் மேலே வந்ததும், உதட்டுக்குள் எண்ணிப் பார்த்தார். பத்து, ஒம்பது, எட்டு. வேலாண்டி வாட்ச்காரனின் தாயாரை இழுத்தான். ஏழு, ஆறு. கோயில்பிச்சை சார் விதி நம்பர் சொன்னார். அஞ்சு, நாலு, மூணு ரெண்டு ஒண்ணு. முட்டை. முள் இன்னும் பத்து நொடிக் கோட்டுக்கு வந்து சேரவில்லை. அவர் முடித்துவிட்டார், முள் பாதையில் நின்றது. ஒன்று, ரெண்டு, மூன்று என்று அது தன்பாட்டுக்கு நடந்துவந்து அப்புறம்தான் அந்த இடத்தைத் தொட்டது. கடிகாரம் மக்கர் பண்ணுகிறது. உதுமான் கடையில் உருப்படியாக எது ஓடியது? கோயில்பிச்சை சார் முழங்கையைப் பெஞ்சில் ஊன்றியிருந்தார், அவர் மணிக்கட்டில் வாட்ச், மகன் துபாயிலிருந்து கொண்டுவந்தது. அதைப் பார்த்து எண்ணினார். இந்தத் தடவை வேண்டுமென்றே நிதானமாக, மாடு அசை போடுகிற மாதிரி. பத்து. ஒம்பது. நாலு வரைக்கும் முள்ளும் அவரும் ஒரே வண்டியில் பூட்டிய காளைகள். மூணுக்கு வந்ததும் நாக்கு தன்னால் ஓடியது. மூணுரெண்டொண்ணு. பிடிக்க முடியவில்லை. மேட்டிலிருந்து உருண்ட காய் மாதிரி ஓடிவிட்டது. இன்னொரு தடவை. மறுபடியும் அதே மூணில், அதே ஓட்டம்.  அவருக்கு அந்த ஓட்டம் தெரியும். பெற்ற பிள்ளையைத் தெரிவது போலத் தெரியும். விலை உச்சிக்கு ஏறி, வாங்குகிறவன் கண் கழன்றுகொள்ளப் பார்க்கிற அந்தக் கண்ணிமைப்புக்குள் ஒருதரம் ரெண்டுதரம் மூணுதரம் என்கிற கடைசி வார்த்தைகளை ஒரே மூச்சில் விழுங்கிவிட வேண்டும். நிதானமாக ஆரம்பி, கடைசியில் விழுங்கு. இருபத்தைந்து வருஷமாக அதுதான் சோறு. விலை நல்ல விலையாக இருக்கும்போது அவர் நிதானமாக முடித்ததே கிடையாது. இன்றைக்கு ஒரு புள்ளி கூடுதல், பந்து நம் கையில். அதைவிட நல்ல விலை உண்டா. முடித்துவிட்டார். வாங்குகிறவன் கழன்றுகொள்ளும் முன்னால் முடித்துவிட்டார்.

யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிப் பார்த்தார். வெட்கம் என்று அதைச் சொல்ல முடியாது, வெட்கத்துக்கு இன்னும் நேரம் வரவில்லை. கால் வைத்த இடத்தில் படி இல்லை என்பது மாதிரி ஒரு திடுக்கிடல், அது திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. கேலரியில் இருநூறு பேர் எண்ணினார்கள், தான் ஒருத்தன் மட்டுமா? இருநூறு பேரும் யார் வாயைப் பார்த்து எண்ணினார்கள்? சரி, பாதிப் பங்கு நமக்கு, பாதி அவனுக்கு. ஹாரன் வரைக்கும் பிடித்திருக்க வேண்டியது அவன் பொறுப்பு. இல்லை, கால் பங்கு நமக்கு, கால் பங்கு மழைக்கு. போர்டு செத்தது மழையால். பேரம் நன்றாகத்தான் படிந்து வந்தது, அப்போதுதான் இன்னொன்று வந்து குறுக்கே விழுந்தது. மண்டியில் அவர் கடைசி வார்த்தை சொன்னதும் என்ன நடக்கும்? வரிசையாக நிற்கிற பயல்கள் சொல்லி முடிக்கும் முன்பே குனிந்து மூட்டையைத் தூக்கி மேலே எறிவார்கள், லாரியில் நிற்கிறவன் பிடிப்பான். யோசிக்கிற வேலை அங்கே கிடையாது. யோசித்தால் திட்டு விழும், அந்தத் திட்டைத் திட்டுகிறவரும் அவர்தான். மூதி, சொன்னது காதுல விழலையா, தூக்குல. நாலு வருஷமாக அந்த வரிசையில் முதல் ஆளாக நிற்பவன் செண்பகராஜ். இந்தக் குரல் முடிந்ததும் கை மேலே போக வேண்டும் என்று அந்த உடம்புக்குப் படித்துக் கொடுத்தது யார்? ஐயோ. அவன் ஹாரனுக்குத்தான் காத்திருந்தான். புத்தி காத்திருந்தது. கை காத்திருக்கவில்லை. பந்தை வீசியபோது அவன் முகம் கேலரிப் பக்கம் திரும்பியிருந்ததே, தன்னைப் பார்த்துச் சிரித்தானே. அதை ஜெயித்த சிரிப்பு என்றல்லவா நினைத்தார்.

சொல்லிவிட வேண்டியதுதான். இப்பவே எழுந்து, ஏய் எல்லாவனும் கேளுங்கலே, நான்தான் முந்தி எண்ணினேன், அவன் மேலே ஒருத்தன் கை வச்சான்னா என்று ஒரு சத்தம் போட்டால் தீர்ந்தது. நெஞ்சில் அந்தச் சத்தம் ஏற்கெனவே உருண்டு திரண்டுவிட்டது. அந்த நேரம் பார்த்து செண்பகராஜ் கையில் பிளாஸ்க்கோடு கடைக்கு வந்தான். பனியன் மாற்றவில்லை. பெஞ்சில் எல்லோரும் டீ கிளாஸைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். வேலாண்டி மட்டும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "வாங்க மகராசா, கோப்பைக்கு டீ ஊத்தணுமோ?" என்றான். செண்பகராஜ் அவனைத் தாண்டிப் போனான். பிளாஸ்க்கை உதுமானிடம் நீட்டி, "கோச் சாருக்கு, சீனி கம்மி," என்றான். மாடக்கண்ணு அவன் முழங்கையைப் பிடித்து, கடைக்குப் பின்னால் எச்சில் கிளாஸ் கழுவுகிற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"எல, நான்தாம்ல முந்தி எண்ணினேன். மூணு நொடி முந்தி. கடியாரத்தை வச்சுப் பாத்துட்டேன். உன் மேல தப்பு இல்ல. இப்ப உள்ள வந்து அந்தக் கோச்சுட்ட நானே சொல்லுதேன்."

செண்பகராஜ் அவரைப் பார்த்தான். ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவரை அடித்தது. அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பந்து கையை விட்டுப் போன அந்த நொடியிலேயே தெரிந்திருக்கிறது.

"அண்ணாச்சி, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுதேன், வாயைத் திறந்திராதீங்க," என்றான்.

"ஏம்ல? உன்னை எல்லாவனும் கிழிக்கானுவ."

"கிழிக்கட்டும். உள்ள அவரு முதல் கேள்வியே அதான் கேட்டாரு. கேலரி எண்ணினதைக் கேட்டு விட்டியாடான்னு. இல்ல சார், உள்ள எறங்கிட்டா எனக்கு வெளிச் சத்தம் எதுவும் கேக்காது, சந்தோசத்துல அவசரப்பட்டுட்டேன்னு சொல்லிட்டேன். அவசரத்தைச் சரி பண்ணிக்கலாம்டா, கூட்டம் சொல்றதைக் கேட்டு ஆடுறவனை வெளியூர்ல கூட்டமே கொன்னுரும், அப்படிப்பட்டவன் எனக்கு வேண்டாம்னு அவரே சொன்னாரு. இன்னும் முழுசா நம்பலை அண்ணாச்சி. நீங்க போய்ச் சொன்னீங்கன்னா..."  மண்டி இருக்கிற திசையில் ஒரு பார்வை பார்த்தான், அவ்வளவுதான்.

அவர் வாழ்க்கையில் விற்காத சரக்கு கிடையாது. அழுகின காயைத் தள்ளியிருக்கிறார், மழையில் நனைந்த மூட்டையைத் தள்ளியிருக்கிறார். இன்றைக்கு முதல் முதலாக ஒரு சுத்தமான சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு, இலவசமாகத் தருகிறேன் என்கிறார், வாங்க ஆள் இல்லை. அதுவும் யாருக்கு வேண்டுமோ அவனே வேண்டாம் என்கிறான். கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம், டேபிள் மேல் விட்ட உதையைப் போல அது திரும்பி அவர் கால் நகத்துக்கே வந்தது. திரும்பி முன்பக்கம் வந்தால் பெஞ்சில் நீல டிராக் பேண்ட் உட்கார்ந்திருந்தது. டீ வரட்டும் என்று காத்திருக்கப் பொறுக்காமல் தானே வந்து, உதுமானிடம் ஒரு கிளாஸும் வாங்கிவிட்டார் மனுஷன். வேலாண்டி எழுந்து இடம் விட்டு நின்றான். கோயில்பிச்சை சார் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"காலையில எண்ணினது நீங்கதானே?" என்றார் கோச், மாடக்கண்ணுவைப் பார்த்து.

"ஆமா சார்."

"என்னா குரல்! டேபிள் பக்கத்துல இருந்த எனக்கே காது அடைச்சிருச்சு, எங்க முடிச்சீங்கன்னே தெரியலை." டீயை ஒரு வாய் உறிஞ்சினார். "இந்தப் பையனுக்கு மட்டும் அது கேக்கலையாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை மாடக்கண்ணு ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். மூட்டைக்கு அடியில் கையை விட்டு ஒரு காயை எடுத்துப் பார்த்துவிட்டு, அதைக் கைக்குள் மறைத்துக்கொண்டு, சரக்கு எப்படி அண்ணாச்சி என்று கேட்கிற வியாபாரியின் சிரிப்பு. செண்பகராஜ் உதுமானிடம் திரும்ப வாங்கிய பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தான், அது எப்போதோ இறுகிவிட்டது.  நெஞ்சில் திரண்டிருந்த அந்தச் சத்தம் தொண்டைக்கு வந்து முட்டியது. நான்தான். ரெண்டே வார்த்தை. சொன்னால் இந்த மூச்சு இறங்கும், ராத்திரி சோறு இறங்கும், நாளைக்கு மண்டியில் அவன் முகத்தைப் பார்க்கலாம். நாளைக்கும் மண்டியில் அவன் முகம் இருக்கும், அதுதானே சங்கதி. இருக்கக் கூடாது. அந்த முகம் இனிமேல் மண்டியில் இருக்கவே கூடாது.

"கேட்டிருந்தா கோப்பை எங்க ஊர்லல்லா சார் இருந்திருக்கும்," என்றார். குரல் கணீரென்று வந்தது. "நாங்க மூணுன்னு சொல்லும்போதே இவன் பந்தை மேல விட்டுட்டான். எங்க எண்ணிக்கையைக் காதுல வாங்கிருந்தா இன்னும் மூணு நொடி பிடிச்சிட்டு நின்னிருப்பான். அங்கதான் சார் எல்லாம் போச்சு. இவன் யார் பேச்சையும் கேக்கிற சென்மம் இல்ல. நாலு வருசமா என்கிட்ட வேலை பாக்கான், என் பேச்சையே கேட்டதில்ல. இவனா ஆடுவான், இவனா கெடுப்பான்."

இப்போது யாராவது ஒருத்தன், அண்ணாச்சி நாம முட்டை வரைக்கும் எண்ணி முடிச்சோமே என்று சொல்லத்தான் போகிறான் என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். முக்கியமாக வேலாண்டி. எழுந்து ஆடியே விட்டேன் என்று இப்போதுதானே சொன்னான். வேலாண்டியின் முகத்தில் ஒரு நொடி ஏதோ ஓடியது. பிறகு அது தெளிந்தது, வெளிச்சம் வந்த மாதிரி தெளிந்தது.

"மூணேதான் சார்!" என்றான். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. மூணுன்னு வாயைத் திறக்கேன், பந்து மேல போகுது. என்னடா இவன்னு திகைச்சுப்போய் அப்படியே நின்னுட்டேன்."

"நான் வாட்சைப் பாத்துட்டேல்லா இருந்தேன்," என்றார் கோயில்பிச்சை சார், மணிக்கட்டைத் தூக்கிக் காட்டி. "மூணு நொடி பாக்கி. கேலரியும் அதேதான் சொல்லுச்சு. டேபிளைக் குத்தம் சொல்ல முடியாது."

"இங்க வரைக்கும் கேட்டுது," என்றான் உதுமான். "மூணோட சத்தம் டக்குனு நின்னுபோச்சு. அப்பவே நினைச்சேன்."

கோச் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். இவ்வளவு பேர் ஒரே மாதிரி சொன்னால் அதற்குமேல் யார் என்ன கேட்பது. மீதி டீயைக் குடித்து முடித்தார். செண்பகராஜ் பக்கம் திரும்பி, "திமிர் ஜாஸ்தி போலிருக்கே உனக்கு. பரவால்ல, அதை நான் பாத்துக்கறேன். சர்டிபிகேட் எல்லாம் எடுத்துக்கிட்டு திங்கக்கிழமை சென்னை வந்துடு," என்றார். செண்பகராஜ் தலையை ஆட்டினான், ஆட்டிக்கொண்டே இருந்தான். பிளாஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் பின்னால் தெருவைத் தாண்டினான். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கவும் கூடாது, அந்த அளவுக்குப் பயலுக்கு விவரம் இருந்தது. "சவம், ஊர் மானத்தை வித்துட்டு வேலைக்குப் போகுது பாரு," என்று வேலாண்டி அவன் முதுகு கேட்கச் சொல்லித் துப்பினான். யாரும் அதட்டவில்லை. அதட்டக்கூடிய ஒரே ஆள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆட்டம் பார்க்காத யாரோ ஒருத்தன் சைக்கிளை நிறுத்தி, என்னடே ஆச்சு, ஜெயிச்ச மேச்சாம்லா என்று கேட்டான். மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொல்லத் தொடங்கினார்கள். மூணுன்னு சொல்லும்போதே, மூணு கூட முழுசாச் சொல்லலை, மூணு சொல்ல வாயைத் திறக்கோம். சைக்கிள்காரன் தலையில் கை வைத்துக்கொண்டான். மாடக்கண்ணு கண்ணை மூடி, இவர்கள் சத்தத்தை ஒதுக்கித் தள்ளிவிட்டு, காலையில் தன் வாயால் சொன்னதைக் காதுக்குள் தேடிப் பார்த்தார். பத்து இருந்தது, ஒம்பது இருந்தது, எட்டும் ஏழும் இருந்தன, கேலரிப் பலகையின் அதிர்வு கூடக் காலடியில் இருந்தது. மூணு வரைக்கும் எல்லாம் இருந்தன. அதற்குப் பிறகு ரெண்டைத் தேடினார், ஒண்ணைத் தேடினார். சற்றுமுன் கடிகாரத்தைப் பார்த்து எண்ணியபோது கூட நாக்கில் ஓடியவை, இப்போது எவ்வளவு துழாவியும் கிடைக்கவில்லை.